தாத்தா விட்டுச்சென்ற சேர்வராயன் மலை டோப்போஷீட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பது மேலுக்கு மூன்று கேள்விகள். அஸ்தம்பட்டி வீட்டை இடித்துக் கட்டும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த துணி ஒட்டிய வரைபடம் (டோப்போஷீட், அதாவது மேடு பள்ளத்தோடு நிலத்தைக் காட்டும் தாள்) எந்தக் காலத்தது, என்ன விலை போகும்? ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு அவர் பென்சிலால் கோடு போட்டிருக்கும் ஒற்றையடிப் பாதையில் இன்றைக்கும் நடந்து இறங்க முடியுமா? அவர் கணக்குப்பிள்ளையாக இருந்த எஸ்டேட்டை ஒட்டி அவருக்கு 3 ஏக்கர் இருந்ததாக வீட்டில் பேசிக்கொள்கிறார்களே, அதற்கு இது சாட்சியாகுமா? உங்கள் பதிவை இரண்டு தடவை படித்ததில், மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தத் தாள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? மலையின் உருவத்தைப் பற்றி அது சொல்வதை நன்றாகவே நம்பலாம். பாதைகளையும் பெயர்களையும் விசாரித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். நிலம் யாருடையது என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. தாத்தாவின் பென்சில் கோடு இருக்கிறதே, அது வேறு கணக்கு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் சேலம் மாவட்டத்தில் நில அளவையராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து, கல் நட்டு, புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்குமான அளவு வரைபடம்) வரைந்த கை. டோப்போஷீட் போடுவது எங்கள் வேலை அல்ல. அது 1767-இல் தொடங்கிய, டேராடூனில் தலைமையகம் உள்ள இந்திய நில அளவைத் துறையின் வேலை. அவர்கள் மத்திய அரசு, நாங்கள் மாநில வருவாய்த் துறையோடு சேர்ந்தவர்கள். அவர்கள் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு சேர்வராயன் மலையில் ஏறி இறங்கியிருக்கிறேனே தவிர, அப்படி ஒன்றை வரைந்ததில்லை. உங்கள் வரைபடத்தையும் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய விவரத்தையும், சற்று மங்கலான இரண்டு போட்டோக்களையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் காலம். இது தாமஸ் மன்றோ காலத்து வரைபடம், 1842-இல் அவர் ஏற்காட்டைக் கண்டுபிடித்தபோது போட்டது, லட்சக்கணக்கில் போகும் என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 1842 கதை இணையத்தில் பல இடங்களில் உலவுகிறது. மன்றோ 1827-லேயே காலராவில் இறந்துவிட்டார். இறந்து பதினைந்து வருடம் கழித்து ஒருவர் மலையைக் கண்டுபிடிக்க முடியாது. ஏற்காட்டில் காப்பி வைத்ததோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்னுடையது. அவர் காலத்துத் தாளும் இதுவல்ல. காரணம், மேல் மூலையில் இருப்பதாக நீங்கள் எழுதிய அந்த எண்: 58, பிறகு ஆங்கில எழுத்து ஐ, ஒரு சாய்கோடு, பிறகு 1. இந்த எண் வரிசையே 1904-05-இன் நில அளவைக் குழுவுக்குப் பிறகு வந்ததுதான். அதற்கு முன்பு இருந்த இந்திய அட்லஸ் தாள்கள் நான்கு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவையில், மலைகளைச் சின்னச் சின்ன மயிர்க்கோடுகளால் நிழல் போட்டுக் காட்டியவை. உங்களுடையதில் பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போகும் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) இருக்கின்றன. அளவை மைலுக்கு ஓர் அங்குலம். ஆகவே 1905-க்குப் பிந்தையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எந்த வருடம் என்பதைத் தாளின் ஓரமே சொல்லும். கீழ் ஓரத்தையும் மூலைகளையும் லென்ஸ் வைத்துப் படியுங்கள். அங்கே இரண்டு விதமான வருடங்கள் இருக்கும்: களத்தில் அளந்த வருடம், அச்சிட்ட வருடம். பலர் அச்சு வருடத்தைப் பார்த்துவிட்டு மலை அந்த வருடம் அப்படி இருந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அளந்து பல வருடம் கழித்து, ரோட்டை மட்டும் திருத்தி மறுபடி அச்சடிப்பது சாதாரணம். நீங்கள் நம்ப வேண்டியது அளந்த வருடத்தைத்தான். விலை அணாவில் போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய அச்சு, ஏனென்றால் அந்த மாதம்தான் நயா பைசா வந்தது. அடியும் மைலும் இருப்பதும் அதே திசையைத்தான் காட்டுகிறது. மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகு இந்தத் தாள்கள் 1:50,000 அளவையில், உயரம் மீட்டரில் வர ஆரம்பித்தன.

எண்ணுக்கே கொஞ்சம் நேரம் கொடுங்கள், உங்கள் புதிர் ஒன்று அதில் அவிழ்கிறது. 58 என்பது வடக்கே 8 டிகிரியிலிருந்து 12 டிகிரி வரை, கிழக்கே 76-இலிருந்து 80 வரை உள்ள பெரிய கட்டம். அதை டிகிரிக்கு டிகிரி பதினாறாக வெட்டி, மேலிருந்து கீழாக, பிறகு அடுத்த வரிசை என்று ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு எழுத்துப் போடுவார்கள். ஐ என்பது 78-79 கிழக்கு, 11-12 வடக்கு. அதை மறுபடி பதினாறாக வெட்டினால் ஒவ்வொன்றும் கால் டிகிரிக்குக் கால் டிகிரி. அதில் வடமேற்கு மூலையில் இருக்கும் முதல் கட்டம் உங்கள் தாள். அதன் இடது ஓரம் சரியாக 78 டிகிரி தீர்க்கரேகை. ஆங்கிலேய அளவையர் லாம்ப்டன் 1802-இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு (கணக்குக்கு ஆதாரமான முதல் நேர்க்கோடு) அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் பெரிய வில், இந்தத் தீர்க்கரேகையை ஒட்டித்தான் குமரியிலிருந்து வடக்கே ஏறிப் போயிற்று.

தாளின் கீழ் ஓரம் 11 டிகிரி 45 நிமிடம். ஏற்காடு ஏரியும் கடைவீதியும் அதற்கு மேலே சுமார் மூன்று கிலோமீட்டரில்தான் இருக்கின்றன. மைலுக்கு ஓர் அங்குலத்தில் அது இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. வலது ஓரத்துக்கும் மூன்று அங்குலத்துக்குள்தான். அதாவது 17 அங்குலத்துக்கு 17 அங்குலம் உள்ள தாளில், எல்லாருக்கும் வேண்டிய ஏற்காடு தென்கிழக்கு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. மீதித் தாளில் டேனிஷ்பேட்டை, லோக்கூர் வழியாகப் போகும் ரயில் பாதையும் சமவெளியும்தான் பெரும்பகுதி. சேர்வராயன் மலை நான்கு தாள்கள் சேரும் முனையில் இருக்கிறது: 1, 2, 5, 6. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் மேஜையில் நான்கையும் விளிம்போடு விளிம்பு ஒட்டிப் பார்த்தபோதுதான் மலை முழுசாகத் தெரிந்தது. தாத்தாவின் பென்சில் கோடு ‘கீழ் ஓரத்தில் அந்தரத்தில் நின்றுவிடுகிறது, ஏன் முடிக்காமல் விட்டார் என்று தெரியவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அவர் முடிக்காமல் விடவில்லை. தாள் முடிந்துவிட்டது. அடிவாரமும் சேலம் ஊரும் 58 ஐ/2-இல் இருக்கின்றன. பெட்டியில் இன்னொரு துணித்தாள் இருந்ததா என்று வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

சரி, மலையின் உருவத்தை ஏன் நம்பலாம் என்கிறேன்? அந்தக் காலத்துத் தாள்கள் வரையப்பட்ட விதம் அப்படி. தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கணித்து நிலைநிறுத்திய சில உச்சிகள் முன்கூட்டியே தாளில் புள்ளியாக இருக்கும். அளவையர் ஒரு மேஜைப் பலகையை முக்காலியில் ஏற்றி, அந்தத் தாளை அதன்மேல் ஒட்டி, கலாசிகளோடு (உதவியாட்களோடு) ஏதாவது ஒரு குன்றின் மண்டைக்கு ஏறுவார். தெரிந்த உச்சிகளைப் பார்வைச் சட்டத்தால் குறிபார்த்துத் தான் நிற்கும் இடத்தைத் தாளில் பிடிப்பார். பிறகு கண்ணுக்குத் தெரியும் கோயில், கரடு, பாறை முனை ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இழுப்பார். இன்னொரு குன்றிலிருந்து அதே இடங்களுக்கு மறுபடி கோடு. இரண்டும் வெட்டும் இடம் அந்தப் பாறை. உயரத்துக்குக் கிளினோமீட்டர், சரிவின் கோணம் அளக்கும் கருவி. இப்படிப் பிடித்த உயரப்புள்ளிகளுக்கு நடுவே, எதிரே மலையைப் பார்த்துக்கொண்டே, சமஉயரக் கோட்டைக் கையால் வரைவார். ஆகவே இரண்டு மூன்று இடத்திலிருந்து பார்வைக்குக் கிடைக்கும் முகடும் உச்சியும் திறந்த சரிவும் பிரமாதமாக வந்திருக்கும். எங்கிருந்தும் எட்டிப்பார்க்க முடியாத ஓடைப் பள்ளத்தில், சோலைக்குள்ளே, கோடு கொஞ்சம் ஊகம்தான். அங்கே கோடுகள் ரொம்ப ஒழுங்காக, மழுங்கலாக ஓடினால், அளவையர் உள்ளே இறங்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். விமானப் படங்கள் வந்த பிறகு இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

அந்தப் பழுப்புக் கோடுகளை எப்படிப் படிப்பது என்று ஒரு இடத்தில் காட்டுகிறேன். கோட்டுக்குக் கோடு எத்தனை அடி என்று கீழ் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். இந்தத் தாள்களில் பெரும்பாலும் 50 அடி, ஐந்தாவது கோடு தடிப்பாக. சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 அடி, ஏற்காடு 4,900 அடிக்கு மேல். இடையில் 4,000 அடி, அதாவது 80 கோடுகள். ஏற்காட்டின் தெற்கு முகத்தில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பு மையைக் கொட்டியது போல் தெரியும். ஸ்கேலை வையுங்கள். தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வந்தால், 63 மீட்டர் நடப்பதற்குள் 15 மீட்டர் இறங்குகிறீர்கள், அதாவது நான்கடிக்கு ஓரடி. இது முழங்காலைப் பதம் பார்க்கும் இறக்கம். அரை மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வந்தால் அங்கே கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சேலம் மலைப்பாதை இந்தக் கோடுகளைச் சாய்வாக, இழுத்து இழுத்துக் கடக்கும். தாத்தாவின் பென்சில் கோடு அவற்றை நேராகக் குறுக்கே வெட்டினால், அது சுமையில்லாத ஆள் இறங்கும் குறுக்குத் தடம். வளைந்து வளைந்து வெட்டினால் சுமையாள் போன பாதை. போட்டோவில் எனக்கு வளைவது போல்தான் தெரிகிறது, ஆனால் மங்கலாக இருப்பதால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உச்சிகளின் உயரமும் நம்பத்தக்கதே. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 5,326 அடி, மீட்டரில் 1,623 என்று சொல்வது வழக்கம். உங்கள் தாளில் பத்து இருபது அடி வேறுபட்டால் கவலைப்பட வேண்டாம், எந்தப் புள்ளியைக் குறிபார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் பாக்சைட் வெட்டிய சில மேடுகளின் மண்டை இப்போது பழைய தாளில் இருப்பது போல் இல்லை. அங்கே தாள் பொய் சொல்லவில்லை, மலைதான் மாறிவிட்டது.

பாதைகளுக்கு வருகிறேன். சிவப்பு ரோடும் புள்ளிக்கோட்டுத் தடமும் அளந்த வருடத்து நிலவரம், அவ்வளவுதான். எண்பதுகளில் ஒரு மலைக்கிராமத்தில் அளவைக்குப் போனபோது எனக்குக் கிடைத்த பாடம் இது. டோப்போஷீட்டில் அந்த ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு முகட்டோடு ஒரு தடம் தெளிவாக இருந்தது. ஒன்றரை மைல், முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். கால் மணி நேரத்தில் உண்ணிச்செடிக்குள் மாட்டிக்கொண்டோம். தலைக்கு மேலே முள், காலுக்குக் கீழே தடம் இருந்ததற்கு அடையாளமாகத் தேய்ந்த கல் மட்டும். திரும்பி வந்து ஊரில் ஒரு மலையாளிப் (கேரளத்தவர் அல்ல, இந்த மலையின் பழங்குடி) பெரியவரிடம் கேட்டால், ‘கீழே பஸ் ரோடு போட்டதிலிருந்து அந்தப் பக்கம் யாரும் போறதில்லைங்க’ என்றார். அவரே எங்களை வேறு வழியாக, ஒரு காப்பித் தோட்டத்துக் கேட்டு வழியாகக் கூட்டிப்போனார். முகடு தாளில் இருந்த இடத்திலேயே இருந்தது. தடம்தான் இல்லை.

பெயர்களிலும் அதே நிதானம் வேண்டும். அளவையர் வெளியூர்க்காரர். பக்கத்தில் நின்றவர் சொன்னதை அவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது அது. சேர்வராயன் ஷெவராய் ஆனதும், ஏரிக்காடு ஏற்காடாகி அதுவும் ஆங்கிலத்தில் ய-வில் தொடங்குவதும் உங்களுக்குத் தெரியும். ஊருக்கே இப்படி என்றால் ஓடைக்கும் கரட்டுக்கும் கேட்கவே வேண்டாம். ஆனாலும் ஒன்று சொல்வேன். அந்தத் தாளில் இருக்கும் கரடு, கோம்பை, சோலை, கணவாய் என்று முடியும் பெயர்களை ஒன்றுவிடாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இப்போது செல்போன் வரைபடத்தில் அந்த இடமெல்லாம் வெறும் பச்சை, அல்லது ஏதோ ஒரு ரிசார்ட்டின் பெயர். மலையில் எழுபது வயது தாண்டியவர்களிடம் அந்த நோட்டைப் படித்துக் காட்டினால், எழுத்துப் பிழைக்குள்ளிருந்து சரியான பெயரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு மனதார ஆசை, யாராவது இதைச் செய்ய வேண்டும் என்று.

நிலத்துக்கு வருவோம். இங்கே என்னால் தயக்கமில்லாமல் பேச முடியும், ஏனென்றால் இதுதான் என் வேலை. டோப்போஷீட் பட்டாவுக்கோ எல்லைக்கோ ஆதாரம் ஆகாது. 3 ஏக்கர் என்பது சதுரமாக வைத்தால் பக்கத்துக்கு 110 மீட்டர். உங்கள் தாளில் அது ஒன்றே முக்கால் மில்லிமீட்டர், ஒரு கடுகு. அதன்மேல் பென்சிலால் கோடு போட்டால் அந்தக் கோட்டின் தடிமனே தரையில் நாற்பது அடி. எந்தக் கோர்ட்டும் இதை வைத்து எல்லை பிடிக்காது. தாளில் இருக்கும் காப்புக்காட்டு எல்லைக் கோடுகூட இடம் காட்டத்தான், காட்டின் சட்ட எல்லை அறிவிப்பாணையிலும் எல்லைக் கற்களிலும் இருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது சர்வே எண்ணை. பழைய கிரயப் பத்திரம், கிஸ்தி ரசீது, பட்டா நகல் ஏதாவது ஒன்று அதே பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். எண் கிடைத்தால் ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டு (நிலங்களும் உரிமையாளர்களும் அடங்கிய பட்டியல்) நகலும் புலப்படமும் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் எவ்வளவு பின்னால் கிடைக்குமோ அவ்வளவு பின்னாலிருந்து வில்லங்கச் சான்று போடுங்கள். எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள் அனுபவித்து வந்த நிலம் எழுத்தில் அவர்கள் பெயருக்கு வராமலே போனது நிறைய நடந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பத்திரத்தைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

செல்போனில் வைத்துப் பார்க்கலாமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். பார்க்கலாம், இரண்டு விஷயத்தில் கவனமாக இருந்தால். ஒன்று, இந்தத் தாளின் அட்சரேகை தீர்க்கரேகை எவரெஸ்ட் கோளம் என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கை அடிப்படையாகக் கொண்டவை, ஜிபிஎஸ் காட்டுவது வேறு அடிப்படையில். தாளில் படித்த எண்ணை அப்படியே போனில் தட்டினால் நம் பக்கத்தில் சுமார் 200 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். தாளில் அது மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் தெற்குச் சரிவில் 200 மீட்டர் என்பது வேறு ஓடைக்குள் இறங்கிவிடுவது. க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும்போது கல்யாண்பூர் என்று பெயருள்ள அடிப்படையைத் தேர்ந்தெடுத்தால் அதுவே மாற்றிக்கொடுக்கும். (1905-க்கு முந்தைய தாள் எதுவாவது பிறகு கைக்கு வந்தால் இன்னும் எச்சரிக்கை: அவற்றில் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையையே 2 நிமிடம் 27 விநாடி கூடுதலாக வைத்திருந்தார்கள். நம் அட்சத்தில் அது கிட்டத்தட்ட நாலரை கிலோமீட்டர்.) இரண்டாவது, உங்கள் தாள் துண்டு துண்டாக வெட்டித் துணியில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை யாரோ கிழித்துவிட்டதாக வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். கிழித்ததல்ல, மடித்து எடுத்துப் போக வசதியாக வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள், மடிப்பு இடைவெளியில் விழுந்து தாள் காப்பாற்றப்படும். ஆனால் அந்த இடைவெளிகள் சேர்ந்துகொண்டு தூரத்தைக் கூட்டிக் காட்டும். ஸ்கேலால் அளந்தால் ஒவ்வொரு இடைவெளியையும் கழியுங்கள், கணினியில் ஏற்றினால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பொருத்துங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க இப்போதைய தாளும் வாங்கிக்கொள்ளுங்கள். 2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென்று தனி வரிசை வந்தது, அதில் உங்கள் கட்டத்தின் எண் சி44ஏ1. இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். அமெரிக்க ராணுவம் 1950-களில் போட்ட 1:250,000 தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாக வைத்திருக்கிறது. மலைக்கு அது ரொம்பச் சின்ன அளவை, சுற்றுப்புறம் பார்க்க மட்டும் ஆகும். உங்கள் பழைய தாளை ஸ்கேன் செய்து பொதுவில் போடுவதற்கு முன், மேல் ஓரத்தில் ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்று பொருள்படும் ஆங்கில முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது பொதுவாகக் கடற்கரையையும் எல்லையையும் ஒட்டிய தாள்களுக்கு வந்தது, சேலம் அந்த 80 கிலோமீட்டர் பட்டையில் வராது. இருந்தாலும் முத்திரை இருந்தால் போடாதீர்கள்.

விலை பற்றி: இது அச்சில் பல பிரதிகள் வந்த தாள். லட்சம் பேசுகிற பொருள் அல்ல என்பது என் எண்ணம். விற்க வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனையும். லேமினேட் செய்துவிடாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். விரித்தபடி, ஈரமில்லாத இடத்தில், அமிலமில்லாத தாள்களுக்கு நடுவே வையுங்கள். அழுக்கென்று நினைத்து ரப்பரால் எதையும் அழிக்க வேண்டாம். பென்சில் போனால் இந்தப் பிரதிக்கும் மற்றப் பிரதிகளுக்கும் வித்தியாசமே இல்லை.

நடந்து இறங்குவதற்கு என் பதில்: தாளை வைத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். தெற்குச் சரிவில் காப்புக்காடு இருக்கிறது, வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகளே வந்திருக்கின்றன, அந்தக் கண்டிப்பு நியாயமானது. தோட்டங்களுக்குள்ளேயே காட்டெருமை சாதாரணமாக நிற்கிற காலம் இது. ஊர்க்காரர் ஒருவர் துணையோடு, அனுமதியோடு, மேலிருந்து முதல் அரை மைல் மட்டும் ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். தடம் இருக்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இனி பென்சில். அந்தக் கோட்டின்மேல் மூன்று இடத்தில் சின்னதாக ‘த’ என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். அச்சில் உள்ள எதையும்விட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அளவையர் பார்த்ததை அல்ல, அந்த வழியில் வருடக்கணக்காக நடந்தவர் பார்த்ததை அது வைத்திருக்கிறது. என் ஊகம், அது தண்ணீர். எஸ்டேட் வேலையாக அடிவாரம் வரை இறங்கி ஏறுகிற ஆள் முதலில் குறித்துக்கொள்வது அதைத்தான். தங்கும் இடமாகவும் இருக்கலாம், தடம் பிரியும் இடமாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மூன்று ‘த’ இருக்கும் இடங்களிலும் பழுப்புக் கோடுகளைக் கவனியுங்கள். கோடுகள் மேட்டுப் பக்கமாகக் கூர்மையாக மடிந்து உள்ளே போனால் அது ஓடைப் பள்ளம். அங்கே ஒரு நீலக் கோடோ, கோடையில் வற்றும் ஓடையைக் காட்டும் கறுப்புக் கோடோ பென்சிலைக் குறுக்கே வெட்டும். மூன்றும் அப்படி இருந்தால் தண்ணீர்தான். கோடுகள் அகன்று சமதரையாக விரிந்தால் தங்கல் என்று நினைப்பேன்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. பென்சில் கோடு தாளின் கீழ் ஓரத்தைத் தொடும் இடம் வலது மூலையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, நடுவில் மடிப்பு இடைவெளி இருந்தால் கழித்துவிட்டு, இங்கே எழுதுங்கள். என்னிடம் 58 ஐ/2-இன் பழைய நகல் ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஓரத்தில் அதே இடத்திலிருந்து ஏதாவது தடம் புறப்படுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் இறங்கும் என்று நினைக்கிறேன். மூன்று ‘த’-வையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, நேர் மேலிருந்து போட்டோ எடுத்துப் போடுங்கள்.